இரைச்சல் குமிழ்

"என்ன கேட்கணும் உங்களுக்கு?"
ஸ்கேனர் என்ன விலை என்றால்
ரெய்னோ டக்கலா இப்படித்தான் திருப்பிக் கேட்பார்.
டிசம்பர். மிச்சிகனின் வடகோடி.
சுப்பீரியர் ஏரி ஓரங்களில் உறையத் தொடங்கியிருந்தது.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி
"சும்மாதான்" என்றேன்.
சும்மாவுக்கு எத்தனை டாலர் தேறும் என்று
அவர் கண் கணக்குப் போட்டது.

கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டை வைத்தார்.
ஒன்று அறுநூற்றைம்பது. டிஜிட்டல்.
அஞ்சல் எண்ணைத் தட்டினால் போதும்,
வட்டாரம் முழுவதையும் தானே வாரிக்கொண்டு வரும்.
மற்றது பழசு, எண்பது.
இடுப்பில் மாட்டும் கொக்கி உடைந்திருந்தது.
முதுகில் ஒட்டிய நாடாவில் பேனா எழுத்து:
வெர்னா, சமையலறை.

பெரியதில் போலீஸ் கேட்குமா?
"கேட்டது. மார்ச்சில் பூட்டிவிட்டார்கள்.
இனி ஆயிரம் கொடுத்தாலும்
மாவு அரைக்கிற சத்தம்தான்."
தன் சரக்குக்கு எதிராகத் தானே
சாட்சி சொல்லும் வியாபாரி.
இருந்தும் பெரியதை
இன்னொரு தடவை கையில் எடுத்துப் பார்த்தேன்.
கனம் நன்றாக இருந்தது.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
முப்பத்தொரு பிள்ளைகள், ஒரே வழி, ஓயாத கூச்சல்.
இதற்கு மேலும் உனக்குக் கேட்க என்ன இருக்கிறது
என்றான் லைல், என் கணவன்.
படுத்த நிமிடமே தூங்கிவிடுகிற பிறவி.
மூன்றரைக்கு விழிப்பு வந்து
கூரையைப் பார்த்துக் கிடப்பவளிடம்
அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

எண்பதைக் கொடுத்தேன்.
நல்ல ஆன்டெனா தனியே இருபத்திரண்டு.
பூனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசினேன்.
பதினெட்டுக்கு இறங்கினார்.

பேட்டரி மூடியைத் திறந்தால் மடித்த காகிதம்.
ஒன்று, தீயணைப்பு.
நான்கு, தாது ரயில்.
ஒன்பது, கப்பல்கள்.
பதினொன்று, வானிலை (இவன் புளுகன்).
பதினான்குக்கு எதிரே
ரே
என்று மட்டும்.

குமிழைத் திருப்பப் பழகினேன்.
குறைத்தால் கொதிக்கும் எண்ணெயாய்ச் சீறுகிறது.
கூட்டினால் அமைதி.
சீறல் அடங்கும் மயிரிழையில் நிறுத்த வேண்டுமாம்.
லைல் தூங்க வேண்டுமே,
நான் கொஞ்சம் கூடுதலாகவே திருப்பிவைத்தேன்.

ஒரு ரயில் இன்னொரு ரயிலுக்காக
நாற்பது நிமிடம் காத்திருந்தது.
தீயணைப்பு வண்டி கிளம்பி
கருகியது கோழிதான் என்று தெரிந்து பாதியில் திரும்பியது.
கப்பல்காரன் ஒருவன் துறைமுகத்தைக் கூப்பிட்டு
காப்பி சூடாக இருக்கிறதா என்றான்.
ஜனவரி நடுவில் ஒன்பதும் ஊமையானது.
வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டிவைத்தேன்,
பதினான்கை மட்டும் விட்டுவைத்தேன்.
ஐந்து வாரம் அது மூச்சுவிடவில்லை.

வெர்னா யார், ரே யார் என்று
டக்கலாவிடம் கேட்டிருக்கலாம்.
தினமும் அவர் கடை முனையில்தான்
இரண்டு பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

பிப்ரவரி, ஒரு செவ்வாய், நாலேகால்.
முந்தின நாள் மேசை துடைக்கையில்
குமிழ் நகர்ந்திருக்க வேண்டும்.
லேசான சீறல்.
அதற்கு அடியில், பதினான்கில்:

"உப்பு தீர்ந்துவிட்டது.
குன்றுச் சாலையை ஒருமுறை வழித்தாயிற்று.
பள்ளி வண்டி வருவதற்குள்
இன்னொருமுறை வழித்துவிடுகிறேன்."

ரே இல்லை. பெண் குரல்,
இருபத்தைந்து வயது இருக்கலாம்.
"வழக்கம்போல" என்றது மறுமுனை, கொட்டாவியோடு.

வழக்கம்போல.
ஐந்து வாரமாக அவள் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

இது கேட்க மட்டும் தெரிந்த கருவி.
பேசுவதற்குப் பொத்தான் கிடையாது.
வாயைத் திறந்துவிட்டேன்,
அதனால் காப்பியைக் குடித்தேன்.

ஆறேமுக்காலுக்குக் குன்றேறும்போது
மஞ்சள் விளக்கு சுழல எதிரே வந்தது பனிவண்டி.
முகப்பு விளக்கை இருமுறை சிமிட்டினேன்.
அவள் சிமிட்டவில்லை.
வளைவு வருகிறது,
கலப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.